நேரசூசி வெளியாகும் முன் கொடுக்க வேண்டிய கடிதம்

சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டித் தாருங்கள் என்று முதல் கடிதத்தில் எழுதினால் அந்தக் கடிதம் ஒரு வருடம் தூங்கும். விரிவுரையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தாருங்கள் என்று எழுதினால் ஒரு கிழமையில் வேலை முடியலாம். இரண்டும் தேவைதான். ஆனால் எது யாருடைய கையெழுத்தோடு முடியும் என்று பார்த்துத் தனித்தனிக் கடிதமாகக் கொடுக்க வேண்டும். கொழும்பு வளாகங்களில் இந்தக் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் சேர்ந்து எழுதும் குறிப்பு இது. புதிதாக கம்பஸுக்கு வரும் மாற்றுத்திறனாளித் தம்பி, தங்கைமாருக்காக.

முதலில் மருத்துவச் சான்றிதழ். வெளியில் எடுத்ததைப் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரி பார்த்து ஒப்பமிட்டால்தான் நிர்வாகம் அசையும். நோயின் பெயரை மட்டும் எழுதிய சான்றிதழால் பயனில்லை. வாசிக்கும் லிகிதருக்கு அதில் ஒன்றும் விளங்காது. “படியேற முடியாது”, “தொடர்ந்து 30 நிமிடத்துக்கு மேல் எழுத முடியாது” என்று செய்ய முடியாததையும், அதற்கு என்ன வேண்டும் என்பதையும் டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மூலப்பிரதியைக் கைவிடாதீர்கள். உதவிப் பதிவாளர் அலுவலகத்தில் கடிதம் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாவிட்டால் “கிடைக்கவில்லையே” என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் கூடவே ஓர் ஆங்கிலப் பிரதியை இணையுங்கள், இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு மேசையில் கடிதம் படுத்துவிடும்.

மண்டப மாற்றத்துக்கான கடிதம் நேரசூசி வெளியாவதற்கு மூன்று கிழமைக்கு முன்னமே போக வேண்டும். வெளியான பிறகு ஒரு மண்டபத்தை மாற்றினால் வேறொரு பட்சின் வகுப்போடு மோதும். யாரும் தொட விரும்பமாட்டார்கள். “ஏதாவதொரு கீழ்த்தள மண்டபம்” என்று எழுதாமல், நீங்களே சுற்றிப் பார்த்து மண்டப இலக்கத்தையும் பாட இலக்கத்தையும் குறிப்பிடுங்கள். டியூட்டோரியல் அறைகளைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அவைதான் மூன்றாம் மாடியில் இருக்கும். லிப்ட் உள்ள கட்டடம் என்றால் மூன்று விஷயம் பாருங்கள்: மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் லிப்ட் ஓடுமா, சாவி யாரிடம், லிப்டுக்குப் போகும் வழியிலேயே படி இருக்கிறதா. கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். போய்ப் பாருங்கள்.

இனி சாய்தளம். மேசனுக்கு இருக்கிற இடத்துக்குள் முடிப்பதுதான் பழக்கம். அதனால் சாய்தளம் என்ற பெயரில் சறுக்குமரம் வந்துவிடும். கணக்கு 1:12. அதாவது 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். படிகளின் எண்ணிக்கையை நம்பாமல் டேப் வைத்து மொத்த உயரத்தை அளவுங்கள். 150 மில்லிமீற்றர் உயரமுள்ள மூன்று படி என்றால் 450, அதற்கு 5.4 மீற்றர் சாய்தளம் வேண்டும். முன்னால் 3 மீற்றர்தான் இருக்கிறது என்றால் அதற்குள் அடக்க 1:6.7 சரிவில் கட்டக் கூடாது, நடுவில் 1.5 மீற்றர் சமதளம் விட்டு மடக்கிக் கட்ட வேண்டும். அவ்வளவு சரிவில் தனியே ஏறினால் சக்கர நாற்காலி பின்னுக்குக் கவிழும் ஆபத்து உண்டு, இறங்கும்போது பிடி நிற்காது.

மேற்பரப்புக்கு பளபளப்பான டைல்ஸ் ஒட்டவிடாதீர்கள். திறப்புவிழாப் படத்துக்கு அழகாக இருக்கும். ஒக்டோபரில் பின்னேர மழை பெய்தால் தெரியும். ஈரக் கொங்கிறீற்றைத் தும்புத்தடியால் இழுத்துச் சொரசொரப்பாக விட்டாலே போதும். அடிவாரத்தில் வடிகான் மூடி இருந்தால் அதன் கம்பிகள், நாற்காலி போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இடைவெளி 13 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. நேராக இருந்தால் சிறிய முன்சக்கரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், வெள்ளைப் பிரம்பின் நுனியும்தான். எல்லாம் சரியாகக் கட்டிய பிறகும் அதே அடிவாரத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவார்கள். தரையில் மஞ்சள் கோடு போடுவதையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

கதவைத் திறந்து வைத்து, இடையில் மிஞ்சும் அகலத்தை அளவுங்கள். 850 மில்லிமீற்றராவது வேண்டும். பழைய பிரித்தானியர் காலக் கட்டடங்களின் இரட்டைக் கதவுகளில் ஒரு பக்கம் எப்போதும் தாழ்ப்பாளில் கிடக்கும். அதைத் திறந்து வைக்கச் சொன்னால் போதும், காசே தேவையில்லை. கழிப்பறையில் நாற்காலி திரும்ப 1.5 மீற்றர் வட்டம் வேண்டும். அந்த வட்டத்தில் வாளியும் தும்புத்தடியும் நின்றால் வட்டம் இல்லை.

கட்டட வேலைக்கான கடிதத்தோடு சட்டத்தை இணைப்பது நல்லது: மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 2006 ஒக்டோபர் 17ஆம் திகதிய 1467/15 இலக்க வர்த்தமானியில் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகள், அணுகல் வசதி கோரி கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளை. ஆனால் சட்டத்தைவிட நாட்காட்டி முக்கியம். அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நவம்பரில் கேட்டால் காசு முடிந்திருக்கும். அடுத்த வருடத் திட்டம் எழுதும்போது, வருட நடுப்பகுதியில், அளவுகளோடும் படங்களோடும் பராமரிப்புப் பிரிவிடம் கொடுத்துவிடுங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிக்கல் படியில் இல்லை, பாமினியில் இருக்கிறது. தமிழ்மொழி மூல விரிவுரைக் குறிப்புகளில் பல இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வருகின்றன. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்து. “அம்மா” என்ற சொல்லை திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) “எம், கே, செமிகோலன், கே, எச்” என்று உளறும். விரிவுரையாளரிடம் பிடிஎஃப் கேட்காமல் வேர்ட் கோப்பைக் கேளுங்கள். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினால் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் அதை வாசித்துவிடும். ஸ்கேன் செய்த நோட்ஸ் என்றால் 300 டிபிஐக்குக் குறையாமல் எடுத்து கூகுள் டிரைவில் எழுத்தாக்கலாம்; அட்டவணையும் இரண்டு பத்திப் பக்கமும் குழம்பும், அவற்றை மட்டும் நண்பர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக வரும் அறிவித்தலுக்குக் கீழே இரண்டு வரி தட்டெழுதச் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், பட்ச் தலைவரிடம் சொன்னாலே நடக்கும்.

பரீட்சைக்கு மேலதிக நேரம், தனி அறை, எழுதுபவர் ஆகிய மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில், செமஸ்டரின் முதல் மாதத்திலேயே கேளுங்கள். பீடச் சபையும் மூதவையும் (செனட்) கூடும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டி வரலாம். எழுதுபவர் உங்கள் பாடம் படித்தவராக இருந்தால் ஆட்சேபிப்பார்கள். பாடமே தெரியாதவர் என்றால் கலைச்சொல்லைத் தப்பாக எழுதுவார். பரீட்சைக்கு முன் ஒரு பழைய வினாத்தாளை வைத்து இரண்டு பேரும் ஒரு மணிநேரம் பழகிப் பாருங்கள்.

பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்: கடிதம் எந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது, என்ன முடிவு. இந்தத் தகவல் கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்ட வசதியையே நிர்வாகம் மறுத்தால் நாள் எண்ண வேண்டியது நீங்கள்தான். அடிப்படை உரிமை வழக்கை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆகவே யாராவது தொலைபேசியில் “ஏலாது” என்று சொன்னால் அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: “இன்று காலை 10 மணிக்கு நீங்கள் கூறியபடி, எனது கோரிக்கை நிராகரிக்கப்பட்டுள்ளது. தவறாக இருந்தால் தெரிவிக்கவும்.”