டப்பா வாங்குவது கடைசி வேலை

வீட்டை ஒழுங்குபடுத்தணும் என்று தோன்றியதுமே சென்னையில் பலர் பாரிமுனைக்கோ சௌகார்பேட்டைக்கோ கிளம்பி, ஒரு டஜன் பிளாஸ்டிக் டப்பாவோடு திரும்புகிறார்கள். உள்ளே வைத்துப் பார்த்தால் மூடி மேல் தட்டில் இடிக்கும். இல்லையென்றால் டப்பாவுக்குப் பின்னால் அரை அடி வீணாகக் கிடக்கும்.

முதலில் ஒரே ஒரு தட்டைக் காலி செய்யுங்கள். சமையலறை முழுவதையும் ஒரே நாளில் தரையில் இறக்கினால், சாயங்காலம் உலை வைக்கிற அவசரத்தில் எல்லாம் பழையபடியே உள்ளே போய்விடும். தட்டின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூடிக்கு மேல் 2 அங்குலம் கை நுழைய இடம் வேண்டும். வட்ட டப்பாவைவிடச் சதுர டப்பாதான் இடத்தை மிச்சம் பிடிக்கும். பழைய வீட்டுக் கடப்பாக்கல் அலமாரியில் பின்வரிசை கண்ணுக்கே தெரியாது; சாமானை நீளமான ட்ரேயில் அடுக்கினால் இழுப்பறை மாதிரி வெளியே இழுத்துப் பார்க்கலாம். பழைய ரவை மேல் புது ரவையைக் கொட்டாதீர்கள். அடியில் இருக்கிற வண்டு புதுசிலும் ஏறும். டப்பாவைக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு நிரப்புங்கள்.

“மூடி வைத்தால் பத்திரம்” என்பது ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பொருந்தாத எண்ணம். கடல் காற்றின் ஈரம் பிளாஸ்டிக் கவருக்குள் மாட்டிக்கொண்டால் பட்டுப்புடவையில் பூஞ்சை பிடிக்கும், ஜரிகை கறுக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து, மடிப்பை மாற்றுங்கள். ரசகற்பூர உருண்டை ஜரிகையில் படக்கூடாது. இரும்பு பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் நகர்த்தி, கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள். துரு அடியிலிருந்துதான் ஏறும்.

கடை மேஜையில் பில்லைக் கம்பியில் குத்தும் பழக்கம் நல்லதுதான், ஆனால் பணம் கட்டி முடித்த பில்லுக்கு மட்டும். கட்ட வேண்டியதைக் குத்தினால், அதிக நாள் காத்திருக்கிற பில்தான் அடியில் போய் மறையும். அவற்றை 1 முதல் 31 வரை எண் போட்ட ஃபைலில், கெடு தேதிப்படி வையுங்கள். ஜிஎஸ்டி கணக்கைப் பொறுத்தவரை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்னின் கெடு நாளிலிருந்து 72 மாதம் காப்பாற்ற வேண்டும். அதனால் வருஷக் கடைசியில் எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

அதிக நஷ்டம் வருவது காகிதத்தில்தான். முக்கியமானதைப் பீரோவின் அடித்தட்டில் வைப்பது பலருக்கும் வழக்கம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது முதலில் நனைந்தது அந்தத் தட்டுதான். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளத்தில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் பத்திரங்களைத் தலைக்கு மேல் உயரத்தில், ஒரே பையில் வையுங்கள்.

பாதுகாப்பு என்று நினைத்து அசல் சான்றிதழை லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது, பின்பக்கம் முத்திரை குத்தவும் வழியிருக்காது. ஃபிரிட்ஜ், மிக்ஸிக்குக் கொடுக்கிற வழவழப்பான பில் சூட்டில் மங்கிவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் இன்னும் சீக்கிரமே எழுத்து அழியும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வாரண்டி அட்டையோடு பின் பண்ணுங்கள். போனில் போட்டோ இருக்கிறதே என்பார்கள். மத்திய அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் அந்தந்தத் துறையே வழங்கிய ஆவணம்தான் அசலுக்குச் சமம். நாமே போட்டோ எடுத்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு இல்லை.

ஃபைலை ஆவண வகைப்படி பிரிப்பதைவிட, எந்த நேரத்தில் தேவைப்படும் என்று பார்த்துப் பிரிப்பதே மேல். பள்ளி அட்மிஷனுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. நடுராத்திரி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது காப்பீட்டு அட்டை, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு மூன்றும் ஒரே ஃபைலில், புதியது மேலே என்ற வரிசையில் இருக்க வேண்டும். அந்த ஃபைலைப் பூட்டி வைக்காதீர்கள். மற்றவை இருக்கிற பீரோவின் சாவி எங்கே என்பது வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.