கிளைடர் பந்தயக் கணக்கு: நாட்டு விதியா, உலக விதியா?

ஐரோப்பாவில் கோடைப் பந்தயக் காலம் என்றால் புதுச்சேரியில் உட்கார்ந்து மதிப்பெண் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இரவு வேலை. அங்கே மாலை 5 மணிக்குத் தரையிறங்கும் கிளைடரின் (எஞ்சின் உதவியின்றிப் பறக்கும் விமானம்) பறந்த பாதையைக் குறித்த பதிவுக் கோப்பு இங்கே வந்து சேர இரவு எட்டரை ஆகிவிடும். நம் கரையில் கிளைடர் பந்தயத்துக்கு வழியில்லை. மதியம் கடற்காற்று ஏறியதும் தெர்மல், அதாவது சூடேறி மேலெழும் காற்று, அடங்கிவிடும், பருந்துகூட மேற்கே நகர்ந்துவிடும். ஆனால் கணக்குக்குக் காற்று தேவையில்லை, கோப்பு போதும். எந்த விதிப்படி கணக்கு என்பதில்தான் தகராறு.

உலகப் போட்டிகளுக்கு எஃப்ஏஐ என்ற உலக வான்விளையாட்டு அமைப்பின் விளையாட்டு விதித்தொகுப்பு, 3-ஆம் பிரிவு, இணைப்பு ஏ. பல நாடுகள் இதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போட்டிகளில் நெடுங்காலம் வழக்கமே வேறு. தொடக்கத்துக்குக் கோடு கிடையாது, 5 மைல் ஆரமுள்ள வட்டம். தொடக்கத்துக்கு அனுமதித்த உச்ச உயரத்துக்குக் கீழே 2 நிமிடம் இருந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கட்டாயத் திருப்புமுனைகள் (வழியில் தொட்டுத் திரும்ப வேண்டிய இடங்கள்) முடிந்தபின் மீதியை விமானியே பட்டியலிலிருந்து தேர்ந்துகொள்ளும் பந்தய வகையும் அவர்களிடம் உண்டு. உலக விதியில் அது இல்லை. இடியும் மழையும் எங்கே விழும் என்று காலையில் சொல்ல முடியாத நாளில் அந்த வகை உண்மையிலேயே நல்லது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

சண்டையின் வேர் மதிப்பெண் சூத்திரத்தில் இருக்கிறது. உலகப் போட்டிகளில் பல ஆண்டுகள் பழகிய கணக்கை ஒரு நாளுக்குப் போட்டுப் பார்ப்போம். 40 கிளைடர்கள், 300 கிலோமீட்டர், முதலாமவர் 3 மணி நேரம், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம். அந்த நாளுக்கு 1000 மதிப்பெண் முழுதாகக் கிடைக்கும். (அவரே 2 மணி நேரத்தில் முடித்திருந்தால் நாளின் மதிப்பே 600-தான்.) முதலாமவர் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டி 30 பேர் முடித்தால், 1000-இல் 500 வேகத்துக்கு, 500 தூரத்துக்கு. 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவருக்கு 350-உம் 500-உம் சேர்ந்து 850. 240 கிலோமீட்டரில் வயலில் இறங்கியவருக்கு வெறும் 400.

இப்போது 10 பேர் மட்டுமே முடித்த நாளைப் பாருங்கள். வேகத்துக்கு 167, தூரத்துக்கு 833. அதே 90 கிலோமீட்டர்காரருக்கு 950. அதே வயலில் இறங்கியவருக்கு 667. இரண்டு பேரும் பறந்த விதம் மாறவில்லை, மற்றவர்கள் வீடு சேர்ந்தார்களா என்பதுதான் மாறியது. எல்லாரும் சேர்ந்து விழுந்தால் அடி சிறிது, தனியாக விழுந்தால் அடி பெரிது. அதனால்தான் கூட்டத்தை விட்டுப் பிரிய யாருக்கும் துணிவு வருவதில்லை. முன்னே போனவர்கள் வட்டமிடுவதைப் பார்த்தே தெர்மல் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்பதால், தொடக்கக் கோட்டைத் தாண்டாமல் மேலே காத்துக்கிடப்பார்கள். ஒரே தெர்மலில் முப்பது கிளைடர் சுற்றுவது ஆபத்து. இந்தக் காத்திருப்பைக் கட்டுப்படுத்தத்தான் பின்னாளில் உலக விதியில் ஒரு பொத்தானைக் கொண்டுவந்தார்கள். விமானி அதை அழுத்தினால், குறித்த நேரம் கழித்து அவருக்கு மட்டும் சில நிமிடத் தொடக்க வாய்ப்பு திறக்கும்.

நாட்டு விதி வேண்டும் என்பவர்கள் இந்தக் குறையைத்தான் சுட்டுகிறார்கள். குறை உண்மை. ஆனால் தேசிய அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டியிலாவது தொடக்க முறையும் மதிப்பெண் சூத்திரமும் உலக விதிப்படியே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எப்போது கிளம்புவது, எப்போது கூட்டத்தை விடுவது என்பதெல்லாம் வருஷக்கணக்கில் கையில் ஊறும் பழக்கம். உள்ளூரில் ஒரு எடைப் பிரிவில் ஆடிப் பழகிய கபடிப் பையனை வேறு எடைக்காரர்களோடு இறக்கிவிட்டால் எப்படித் திணறுவானோ அப்படித்தான் இதுவும். சூத்திரத்தில் குறை இருந்தால் அதைச் சர்வதேச கிளைடிங் ஆணையத்தில் வாதாடித் திருத்த வேண்டும்.

நாட்டுக்கு விட வேண்டியவை வேறு: வான்வெளித் தடைகள், அளவலகு, பழைய கிளைடர்களுக்கான ஈடு எண் (கிளைடரின் திறனுக்கேற்ப வேகத்தை வகுத்துச் சரிக்கட்டும் எண்). இவற்றில்தான் கோப்புக் கணக்கு சறுக்கும். ஈடு எண் பட்டியல்கள் பல. ஒரு பட்டியலில் 1.00, இன்னொன்றில் 1.02 என்றால் மேலே சொன்ன 90 கிலோமீட்டர் 88.2 ஆகி, 30 பேர் முடித்த அந்த நாளில் 27 மதிப்பெண் போய்விடும். 'மைல்' என்று மட்டும் எழுதினால் 5 மைல் வட்டம் 8.05 கிலோமீட்டரா, கடல் மைலாக எடுத்து 9.26 கிலோமீட்டரா என்று இரவு பத்து மணிக்கு யாரைக் கேட்பது?

உயரம் இன்னும் வம்பு. கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு உயரம் இருக்கும், 01435, 01546 என்பதுபோல. முதலாவது, நியமக் கடல்மட்ட அழுத்தமான 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாகக் கொண்ட அழுத்த உயரம். அன்றைய கடல்மட்ட அழுத்தம் 1021 என்றால் ஏறக்குறைய 65 மீட்டர் கூட்ட வேண்டும், அப்போது 1500. இந்தத் திருத்தத்தை விட்டால், 1500 மீட்டர் வரம்பை 60 மீட்டர் மீறித் தொடங்கியவர் தண்டனையில்லாமல் தப்பிப்பார். இரண்டாவது ஜிபிஎஸ் உயரம். கருவி அதைக் கடல்மட்டத்திலிருந்து அளக்காமல், பூமியின் வடிவத்துக்கு வைத்திருக்கும் கணித நீள்வட்டத்திலிருந்து அளந்தால் வேறொரு எண் வரும். மத்திய ஐரோப்பாவில் 40 மீட்டருக்கு மேல் கூடுதலாகக் காட்டும். அதே அளவையைப் புதுச்சேரிக் கடற்கரையில் நின்று பார்த்தால் சுழியத்துக்கும் பல பத்து மீட்டர் கீழே காட்டும், ஏனென்றால் நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல்மட்டமே அந்த நீள்வட்டத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே தாழ்ந்திருக்கிறது. எந்த உயரத்தால் தீர்ப்பு என்று உள்ளூர் விதி ஒரே வரியில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று நேரம். கோப்பு உலகப் பொது நேரத்தில் இருக்கும், விமானிகள் கூட்டத்தில் சொல்வது உள்ளூர் நேரம். 13:00-க்குக் கோடு திறக்கிறது என்றால் கோடைகால மத்திய ஐரோப்பாவில் கோப்பில் 11:00.

முதல் நாளுக்கு முன்பே, முந்தைய ஆண்டின் ஒரு நாள் கோப்புகளை எடுத்து, புதிய விதிக்கான கணினி நிரலிலும் பழைய நிரலிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வயலில் இறங்கியவர்கள் நிறைய இருந்த நாளாக எடுங்கள். எல்லாரும் வீடு சேர்ந்த நாளில் பிழையான நிரலும் சரியாகவே காட்டும்.