பிள்ளையை எத்தனை மணிக்கு, எந்த வாசலில் ஒப்படைப்பது?

தீர்ப்பு வாங்கிய பிறகும், பிரிந்து வாழும் பல பெற்றோர் குடும்ப நல நீதிமன்றப் படியை விட்டு இறங்க முடிவதில்லை. பிள்ளையைப் பார்க்கும் நேரம் பற்றி உத்தரவில் எழுதாமல் விட்ட இரண்டு வரிதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

முதலில், பிள்ளை யாரிடம் இருப்பது (கஸ்டடி), மற்றவர் எப்போது பார்ப்பது என்று கேட்கும் மனுவை எங்கே போடுவது என்பது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால், இந்து திருமணச் சட்டம் பிரிவு 26-இன் கீழ் அதிலேயே ஐ.ஏ. (வழக்குக்குள் போடும் இடை மனு) போடலாம். வழக்கே இல்லையென்றால் 1890-ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி (காப்பாளர் பற்றிய சட்டம்) தனி ஓ.பி., அதாவது தனி அசல் மனு. இதைப் பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் போட வேண்டும். மதுரையில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குச் சென்னையில் மனு போட்டால், "இது இந்த நீதிமன்ற எல்லைக்குள் வராது" என்ற ஆட்சேபணையிலேயே பல வாய்தா ஓடிவிடும். பிள்ளை அங்கே படிப்பதைக் காட்டும் பள்ளியின் போனஃபைட் சான்றை முதல் நாளே இணைத்துவிடுங்கள்.

இந்துக்களுக்கான 1956-ஆம் வருஷக் காப்பாளர் சட்டத்தில், 5 வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்று உள்ளது. 5 முடிந்ததும் தானாக அப்பாவிடம் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. எந்த வயதிலும் பிள்ளையின் நலனே அளவுகோல். திருமணமாகாத பெற்றோர் என்றால், அதே சட்டப்படி முதல் காப்பாளர் தாய், அவருக்குப் பிறகே தந்தை. அப்படிப்பட்ட தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலும் அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமலும் காப்பாளர் உரிமை கோரலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

மெயின் மனுவோடு அன்றைக்கே, தீர்ப்பு வரும்வரைக்கான ஏற்பாடு கேட்கும் இடைக்கால மனுவும் போடுங்கள். அதைத் தள்ளிப்போட்டால், பிள்ளை இருக்கும் இடத்திலேயே பழகிவிடும். "இப்போது ஏன் இடம் மாற்ற வேண்டும்?" என்ற வாதம் எதிர்த்தரப்புக்குச் சும்மா கிடைத்துவிடும்.

குடும்ப நல நீதிமன்றத்தின் கவுன்சிலர் (ஆலோசகர்) முன்னிலையில் பேசி முடிந்தால் ஜாயின்ட் மெமோ, அதாவது இருவரும் கையெழுத்திடும் ஒப்பந்தக் குறிப்பு எழுதுவார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். "நியாயமான நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். எது நியாயம் என்பதில்தான் அடுத்த சண்டையே வரும். "ஒவ்வொரு மாதமும் 2-ஆம், 4-ஆம் சனி, காலை 10 முதல் மாலை 5 வரை, இன்ன இடத்தில் தாத்தா ஒப்படைப்பார்" என்கிற அளவுக்கு இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் யாருக்கு எந்தத் தேதிகள், பொங்கலும் தீபாவளியும் வருஷம் மாற்றி யாரிடம், வீடியோ கால் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, காய்ச்சலால் ஒரு சனி தவறினால் ஈடு எந்த நாள், பள்ளி ரிப்போர்ட் இருவருக்கும் போகுமா, பாஸ்போர்ட் யார் கையில் என்று எல்லாம் எழுத்தில் வரட்டும். இவற்றில் ஒன்றை "அப்புறம் பேசிக்கலாம்" என்று விட்டாலும், வாசலில் நின்று அழப்போவது பிள்ளைதான்.

ஜீவனாம்சம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பது பெரிய தவறு. பணத்துக்கு வேறு மனு இருக்கிறது. காட்டாமல் விட்டது உங்களுக்கு எதிரான சாட்சியாகும். மறுபக்கம் உத்தரவை மீறினால், போய்க் காத்திருந்த தேதி, நேரம், அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் குறித்துவைத்து, உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போடலாம். அந்தச் செய்திகளோடு 2023 சாட்சியச் சட்டம் பிரிவு 63-இன் சான்றும் (மின்னணுப் பதிவுக்கான சான்று) வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் போதாது.

கஸ்டடி உத்தரவு என்றைக்கும் இறுதியானதல்ல. பிள்ளை வளர்ந்து சூழ்நிலை மாறினால் திருத்தக் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.