பருப்பு வேகாத கிணறும் எங்கள் ஆய்வறிக்கையும்

குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் மாவட்டச் சுற்றில், தண்ணீரின் உப்பை நாங்கள் அளந்த மீட்டரைப் பற்றி நடுவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "தம்பி, இந்த மீட்டர் சரியாத்தான் காட்டுதுன்னு எப்படி நம்பறதுங்க?" நானும் என் கூட்டாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கையில் நாற்பது பக்க அறிக்கை, ஸ்பைரல் பைண்டிங், முகப்பில் கலர் படம். அந்தக் கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயது வரை கலந்துகொள்ளலாம். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பேசலாம். அதில் நான் இரண்டு வருடம் கலந்துகொண்டேன். முதல் வருடம் மாவட்டத்தோடு திரும்பி வந்தோம். இரண்டாம் வருடம் மாநிலம் வரை போனோம். இடையில் எங்களுக்கு அறிவு ஒன்றும் வளர்ந்துவிடவில்லை, அறிக்கை எழுதும் விதம்தான் மாறியது.

முதல் வருடத் தலைப்பு 'நொய்யல் ஆற்று மாசுபாடு'. எங்கள் ஊர் சென்னிமலைப் பக்கம். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி, கடைசியில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை எங்களுக்குக் கிட்டத்தில்தான். அணையின் கதை, பாழான தோட்டங்கள், 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது என்று செய்தித்தாள்களைப் பார்த்து முப்பது பக்கம் எழுதினோம். எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் நாங்கள் கண்டுபிடித்தது என்று ஒன்றும் இல்லை. நாங்களே அளந்தது கடைசி நான்கு பக்கம். நடுவர் நேராக அந்த நான்கு பக்கத்துக்குத்தான் போனார்.

அடுத்த வருடத் தலைப்பைக் கொடுத்தது என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா. "ஆத்தையெல்லாம் அளக்கறது இருக்கட்டும் கண்ணு, மேக்காலத் தோட்டத்துக் கெணத்துத் தண்ணில பருப்பே வேக மாட்டீங்குது, அது ஏன்னு பாரு" என்றார். கேள்வி அங்கேயே சுருங்கிவிட்டது: எங்கள் ஊர்க் கிணறுகளில் உப்பு கூடக் கூடப் பருப்பு வேகும் நேரமும் கூடுகிறதா? இப்படி ஒரே மூச்சில் கேட்க முடிகிற கேள்வி கிடைக்கும் வரை அறிக்கையைத் தொடாதீர்கள்.

எட்டுக் கிணறு. ஒரே மூட்டைத் துவரம்பருப்பு, ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு. முதல் நாளே தகராறு வந்தது. 'வெந்தது' என்றால் என்ன? அம்மிச்சி விரலுக்கு வெந்தது என் விரலுக்கு வேகவில்லை. கடைசியில் பத்துப் பருப்பைத் தட்டில் எடுத்து நசுக்கி, ஒன்பது மசிந்தால் வெந்ததாகக் கணக்கு என்று முடிவு செய்தோம். நோட்டில் தேதி போட்டு அதை எழுதி வைத்தோம். செய்முறைப் பகுதியில் நடுவர்கள் நின்று படித்தது அந்த வரியைத்தான்.

ஒரு நாள் பாதியில் கேஸ் தீர்ந்து, விறகடுப்பில் ஏற்றி முடித்தோம். அந்த அளவை அட்டவணையில் சேர்க்காமல் விட்டிருந்தேன். வழிகாட்டி ஆசிரியர் பார்த்துவிட்டு, "அதையும் போடு, பக்கத்தில் காரணத்தையும் எழுது" என்றார். பதிவு நோட்டை அழகாக மறுபடி எழுதவும் அவர் விடவில்லை. மஞ்சள் கறையோடு அப்படியே போனது.

இனி எங்களைக் குழப்பிய கிணறு. ஆற்றோரம், மீட்டரில் எட்டுக் கிணறுகளிலும் அதிக உப்பு காட்டியது அதுதான். பருப்போ நன்றாக வெந்தது. மூன்று முறை செய்தும் அப்படியே. வரைபடம் கோணுகிறதே என்று அந்தக் கிணற்றை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தோம். அப்புறம் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிப் பார்த்தோம். அம்மிச்சி சொன்ன கிணற்றில் நுரையே எழவில்லை, திரிந்தது. ஆற்றோரக் கிணற்றில் நுரை பொங்கியது.

டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைச் சொல்லுமே தவிர, அது என்ன உப்பு என்று சொல்லாது. பருப்பை வேக விடாமல் கெடுப்பது கால்சியமும் மக்னீசியமும், அதாவது கடினத்தன்மை. சோடியம் அப்படிக் கெடுக்காது. சாயம் ஏற்றுவதற்குச் சாதா உப்பு நிறையச் சேர்ப்பார்கள், அதில் இருப்பது சோடியம். ஆற்றோரக் கிணற்றில் அது கலந்திருக்கலாம் என்று எழுதினோம். 'கலந்திருக்கிறது' என்று எழுதவில்லை, ஏனென்றால் சோடியத்தை நாங்கள் அளக்கவில்லை. கழித்துவிட நினைத்த அந்தக் கிணறுதான் அறிக்கையின் முக்கியப் பகுதியானது.

எழுதும் வரிசையையும் மாற்றிக்கொண்டோம். முதலில் அட்டவணை, அடுத்து செய்முறை, அப்புறம் முடிவு. முன்னுரையும் சுருக்கமும் கடைசி. முன்னுரையில் ஆரம்பித்தால் அணையின் கதையிலேயே பத்துப் பக்கம் போய்விடும், பட்ட அனுபவம். பக்க அளவு, சொல் எண்ணிக்கை எல்லாம் அந்தந்த ஆண்டு வழிகாட்டி நூலில் இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். பெரியவர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கை இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பக்கத்து மேசையில் ஒரு பையன் தன் அறிக்கையில் இருந்த சொல்லுக்கே பொருள் தெரியாமல் நின்றதைப் பார்த்தேன், பாவமாக இருந்தது.

மீட்டருக்கும் ஒரு வழி செய்தோம். பேட்டரிக்கு ஊற்றும், உப்பில்லாத தண்ணீர் ஒரு லிட்டரில், நகைக் கடைத் தராசில் நிறுத்த ஒரு கிராம் உப்பைக் கரைத்தால், மீட்டர் லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோனோம். மாநில மாநாட்டில் அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. "பருப்பு ஒரே மூட்டையா?" என்றுதான் கேட்டார்கள். என் கூட்டாளி பேசாமல் நோட்டைப் புரட்டி, ஒட்டி வைத்திருந்த மளிகைக் கடைச் சீட்டைக் காட்டினான்.