ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ் வரைய இவ்வளவு வேலையா?

நான் அவ்வப்போது கோட் அனுப்பும் ஓப்பன் சோர்ஸ் பைத்தான் வெப் பிரேம்வொர்க் சின்னது. ரவுட்டிங், டெம்ப்ளேட் எல்லாம் உண்டு. ஃபார்ம் ஹெல்பர், அதாவது படிவப் பெட்டிகளுக்கான ஹெச்டிஎம்எல்லைத் தானே எழுதித் தரும் கருவி, மட்டும் கிடையாது. ஒவ்வொரு இன்புட் டேகையும் கையால்தான் அடிக்க வேண்டும். "யாராவது எடுத்துச் செய்யலாம்" என்ற குறிப்போடு ஒரு இஷ்யூ (வேலைக் கோரிக்கை) வெகுநாளாகத் திறந்தே கிடந்தது. சரி, நாமே செய்வோம் என்று எடுத்துக்கொண்டேன்.

பெயரையும் மதிப்பையும் கொடுத்தால் ஹெச்டிஎம்எல் வரியைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்கள். அந்த அளவில் வேலை சீக்கிரமே முடிந்தது. கோடைச் சேர்க்கச் சொல்லி நான் அனுப்பிய புல் ரிக்வெஸ்டைப் பார்த்த பராமரிப்பாளர் கேட்டது ஒன்றுதான்: பயனர் தப்பாக நிரப்பி அனுப்பி, அதே பக்கம் பிழைச் செய்தியோடு திரும்ப வரும்போது பெட்டிக்குள் என்ன இருக்கும்? அதற்குப் பிறகு நான் எழுதிய கோட் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

வயது என்ற பெட்டியில் ஒருவர் 'இருபது' என்று எழுத்தில் போடுகிறார். சர்வர் அதை எண்ணாக மாற்றப் பார்த்துத் தோற்கிறது. மாற்றிய மதிப்பை மட்டும் வைத்திருந்தால் பெட்டி காலியாகத் திரும்பும். டேட்டாபேஸில் இருப்பதைக் காட்டினால் பழைய வயது வந்து நிற்கும். இரண்டுமே பயனருக்குக் கடுப்பு. அதனால் ஒவ்வொரு ஃபீல்டும் அவர் அடித்த மூல எழுத்து, மாற்றிய மதிப்பு, பிழைகள் என மூன்றையும் தனித்தனியாகச் சுமக்கிறது. திரும்பக் காட்டும்போது மூல எழுத்துக்கே முதலிடம். பாஸ்வேர்டை மட்டும் எக்காரணம் கொண்டும் திரும்ப நிரப்பக் கூடாது. கோப்பு இன்புட்டை நிரப்ப நினைத்தாலும் பிரவுசர் விடாது. மறுபடி தேர்ந்தெடுக்கச் சொல்வதைத் தவிர வழியில்லை.

அதிகம் விவாதித்தது செக்பாக்ஸைத்தான். டிக் செய்யாத செக்பாக்ஸைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. 'இல்லை' என்று கூடச் சொல்லாது, அப்படி ஒரு பெட்டி இருந்த சுவடே இருக்காது. ரூபி மொழியின் வெப் பிரேம்வொர்க்கான ரெயில்ஸ் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது: செக்பாக்ஸுக்கு முன்னால் அதே பெயரில், 0 என்ற மதிப்போடு ஒரு மறைவு இன்புட். டிக் செய்தால் 0, 1 இரண்டும் போகும், கடைசியில் வந்தது ஜெயிக்கும். அதை அப்படியே எடுத்துவர முடியவில்லை. ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் எங்கள் பார்சர் (வந்த தரவைப் பிரித்தெடுக்கும் பகுதி) முதலில் வந்ததைத்தான் கொடுக்கும். எத்தனை முறை டிக் செய்தாலும் 0தான். மறைவு இன்புட்டைச் செக்பாக்ஸுக்குப் பின்னால் வைத்தால் சரியாகும், ஆனால் செக்பாக்ஸுக்கும் லேபிளுக்கும் நடுவில் அது நுழைந்துவிடும். 'டிக் ஆனால் அடுத்துள்ள லேபிளுக்கு நிறம் மாற்று' என்று எழுதிய சிஎஸ்எஸ் தோற்ற விதிகள் எல்லாம் உடையும்.

பைத்தானின் வெப் பிரேம்வொர்க்கான ஜாங்கோ வேறு வழியில் போகிறது: பெயர் வரவில்லையென்றால் 'இல்லை' என்றே பொருள். கடைசியில் அதையே எடுத்துக்கொண்டோம். இதிலும் ஒரு குறை உண்டு. ஃபார்மில் பாதி ஃபீல்டுகளை மட்டும் காட்டும் பக்கத்தில், காட்டாத செக்பாக்ஸும் 'இல்லை' ஆகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எந்தெந்த ஃபீல்டுகள் என்று டெவலப்பர் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என வைத்தோம். எனக்கு இது இன்றைக்கும் அரைமனதுதான்.

டெக்ஸ்ட்ஏரியாவில் வேறு வகை வேடிக்கை. திறக்கும் டேகுக்கு அடுத்து உடனே ஒரு புதுவரி வந்தால் ஹெச்டிஎம்எல் பார்சர் அதை விழுங்கிவிடும். பயனர் வெற்று வரியில் தொடங்கும் கவிதை எழுதியிருந்தால், ஒவ்வொரு முறை திருத்தும்போதும் ஒரு வரி காணாமல் போகும். பரிகாரம்: ஹெல்பரே ஒரு புதுவரியைச் சேர்த்துவிட வேண்டும், விழுங்குவதற்கென்றே.

நீள வரம்பில் நம் மொழி நேரடியாக வந்து மாட்டியது. பெட்டியின் நீளத்துக்கு வரம்பிடும் மேக்ஸ்லெங்த் பண்புக்கு 10 கொடுத்தால் 10 எழுத்து அடிக்கலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிரவுசர் எண்ணுவது யூனிகோட் அலகுகளை. 'கார்த்திகேயன்' நமக்கு ஏழு எழுத்து. துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகச் சேர்ந்து அலகுக் கணக்கில் 13. வரம்பு 10 என்றால் 'கார்த்திகே' என்பதோடு விசைப்பலகை செத்துவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் மனத்தில் வைத்து யாரோ போட்ட எண், தமிழில் பெயரெழுதுபவரைப் பாதியில் நிறுத்துகிறது. அதனால் மாடலில் (டேட்டாபேஸ் வரையறையில்) உள்ள நீள வரம்பை ஹெல்பர் தானாக எடுத்து மேக்ஸ்லெங்த்தில் போடாது. வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கூடவே இன்னொன்று: டெக்ஸ்ட்ஏரியாவின் ஒவ்வொரு புதுவரியும் சர்வருக்கு இரண்டு எழுத்தாக வந்து சேரும். அதைச் சுருக்கிய பிறகே நீளத்தைச் சரிபார்க்கிறோம்.

எண் கேட்கும் பெட்டிக்கு ஹெச்டிஎம்எல்லின் நம்பர் டைப்பையே இயல்பாக வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பிரிட்டிஷ் அரசு இணையதளங்களுக்கு வடிவமைப்பு வகுக்கும் குழு 2020ல் அதை விட்டு, சாதாரண டெக்ஸ்ட் இன்புட்டுக்கு எண் விசைப்பலகைக் குறிப்பு மட்டும் கொடுக்கும் முறைக்கு மாறியதைக் காட்டினேன். மவுஸ் சக்கரம் உருண்டால் எண் மாறிவிடும் பெட்டியில் யார் ஆதார் எண் அடிப்பார்கள்? தேதி இன்புட்டுக்கு மதிப்பு 2024-03-05 என்ற வடிவில்தான் போக வேண்டும். 05/03/2024 என்று கொடுத்தால் பெட்டி வெறுமையாக நிற்கும், பக்கத்தில் ஒரு பிழைச் செய்தியும் வராது.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. செக்பாக்ஸை டிக்கோடு காட்டும் செக்டு என்ற பண்புக்கு 'ஃபால்ஸ்' என்று மதிப்பு எழுதினாலும் டிக் விழும், பண்பையே விட்டுவிட வேண்டும். மேற்கோள் குறி உள்ள பெயர்களை எஸ்கேப் செய்யாவிட்டால், அதாவது குறியைப் பாதுகாப்பான குறியீடாக மாற்றாவிட்டால், டேக் நடுவிலேயே முறியும்.

பிழையைக் காட்டுவதில் ரெயில்ஸைப் பின்பற்றவில்லை. அது பிழையுள்ள இன்புட்டைச் சுற்றி ஒரு டிவ் (உறை டேக்) போடும். வரிசையாக நிற்கும் பெட்டிகள் அதனால் கலைந்துபோவதைப் பலர் பார்த்திருப்பார்கள். நாங்கள் இன்புட்டிலேயே, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடருக்குப் பிழையைச் சொல்லும் ஏரியா-இன்வாலிட் பண்பைப் போட்டு, பிழைச் செய்தியின் ஐடியை ஏரியா-டிஸ்கிரைப்டுபை என்ற பண்பில் கட்டினோம். ஸ்கிரீன் ரீடரில் கேட்டுப் பார்த்தேன்: பெட்டிக்குள் போனதும் லேபிள், 'தவறான உள்ளீடு', அப்புறம் காரணம் என்று வரிசையாகப் படித்தது.

புல் ரிக்வெஸ்ட் மெர்ஜ் ஆகி, பிரேம்வொர்க்கில் சேர்ந்துவிட்டது. ரேடியோ பட்டன் குழுவுக்கு அதைச் சுற்றிவரும் ஃபீல்ட்செட் டேகும் தலைப்பான லெஜண்டும் ஹெல்பரே போட வேண்டுமா, டெம்ப்ளேட் எழுதுபவரிடம் விடலாமா என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. அதற்குத் தனி இஷ்யூ திறந்திருக்கிறது. நான் ஹெல்பரே போட வேண்டும் என்ற கட்சி.