கைநாட்டுக்குத் திரும்பியவர்கள்

சென்ற மாதம் அம்மாவை இங்கே சென்னையில் ஒரு வங்கிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். படிவத்தை வாங்கிய அலுவலர், அம்மாவின் காய்ப்பேறிய கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, கேட்காமலேயே மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் தம்பி" என்று சொல்லிவிட்டு, அம்மா ஒவ்வோர் எழுத்தாக எழுதி முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. வரிசையில் பின்னால் நின்றவர் அதற்குள் இருமுறை உச்சுக்கொட்டினார்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, பகலெல்லாம் வயல்வேலை செய்துவிட்டு, இரவில் மாரியம்மன் கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து படித்தவர். கல்லூரி மாணவர் ஒருவர் சம்பளம் எதுவும் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். அரிச்சுவடி வரிசையில் செல்லாமல் 'பட்டா', 'படி' என்ற சொற்களிலிருந்து பாடம் தொடங்கியதாம். "காணி நிலமில்லாதவளுக்கு முதல் பாடமே பட்டா" என்று அம்மா இன்றும் சிரிப்பார். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்குவித்ததால் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் பழகியதும் அந்த நாட்களில்தான். 1992இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

அதே விளக்கடியில் அம்மாவோடு படித்த பக்கத்து வீட்டு அத்தை இன்று கைநாட்டுத்தான் வைக்கிறார். அம்மாவைவிட வேகமாகக் கற்றவர் அவர். பின்னாளில் நான் சென்னை விடுதிக்குப் படிக்க வந்ததால் அம்மா எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. புள்ளியில்லாமல், சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லாமல், இன்லண்ட் தாளின் மடிப்பு வரைக்கும் நெருக்கி எழுதிய அந்தக் கடிதங்களை வைத்திருக்கிறேன். அத்தைக்கு எழுதுவதற்கு ஆளில்லை, படிப்பதற்கு வீட்டில் ஒரு தாளும் இல்லை. எந்த அலுவலகமும் அவரிடம் கையெழுத்துக்கு மேல் கேட்கவில்லை, நாளடைவில் அதையும் கேட்கவில்லை. (நியாயவிலைக் கடையின் கைரேகைக் கருவி இப்போது படித்தவர்களையும் கைநாட்டுக்காரர்களாக ஆக்கிவிட்டது என்பது வேறு கதை.)

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 73.44 விழுக்காடு. ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து எழுதவும் படிக்கவும் தெரிந்த, 7 வயது நிறைந்தவர்களே அந்தக் கணக்கில் வருவார்கள் என்பது விதி. ஆனால் கணக்கெடுக்க வருபவர் வீட்டு வாசலில் தாளை நீட்டிப் படிக்கச் சொல்வதில்லை, வீட்டார் சொல்வதைக் குறித்துக்கொண்டு போகிறார். அத்தையைப் பற்றி அவர் வீட்டார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

15 வயதைக் கடந்தவர்களுக்காக 2022 முதல் நடைபெறும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களை நம்பியே இயங்குகிறது. கற்பிப்பதைவிட, கற்றது மறந்துபோகாமல் காப்பதுதான் கடினம் என்பதை அறிவொளி கண்ட மாவட்டத்துக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டைப் பல ஆண்டுகளாக ஒரே பெண்தான் எழுதி வருகிறார், மற்றவர்கள் காட்டிய இடத்தில் ஒப்பமிடுகிறார்கள். மாதம் ஒருவர் என்று முறைவைத்து எழுதச் சொன்னால் முதலில் அடித்தல் திருத்தல் நிறைய வரும், கூட்டமும் நீளும். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வங்கிக்காரர் முதல் குழுத் தலைவி வரை எவரும் ஆயத்தமாக இல்லை.

இந்தப் பொங்கலுக்கு அம்மா அத்தைக்கு ஒரு வாழ்த்து அட்டை வாங்கி, பின்பக்கம் நான்கு வரி எழுதி அனுப்பினார். ஒரு வாரம் கழித்து அத்தை ஃபோனில் அழைத்தார். பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். "அடுத்த தடவை கொட்டை எழுத்தா எழுது அண்ணி, நானே எழுத்துக் கூட்டிப் பாக்குறேன்" என்றார்.