கார்பன் கிடைக்குமா?

தாம்பரம் பக்கத்தில் புது வீட்டுக்குக் குடிவந்த மூன்றாவது வாரம், திரைச்சீலைக் கம்பி மாட்ட ஒரு எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். ஒரு ஓட்டைக்கு 50 ரூபாய், மொத்தம் 26 ஓட்டை, 1,300 ஆகும் சார் என்றார். ஒன்பது ஜன்னல்கூட இல்லாத வீட்டுக்கு 1,300 ரூபாயா, இன்னும் ஐந்நூறு போட்டால் சொந்தமாகவே ஒரு ட்ரில்லிங் மெஷின் வந்துவிடுமே, ஆயுசுக்கும் கிடக்குமே என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்தப் பதிவு.

ஆன்லைனில் 1,799 ரூபாய். 650 வாட், 13 மி.மீ. சக் (துளை போடுகிற பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்), ஹாமர் வசதி, ஆறு மாத வாரண்டி, இந்தியா முழுவதும் சர்வீஸ், போதாக்குறைக்கு இலவசமாக ஒரு பிட் செட். நாலே கால் நட்சத்திரம். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், அடுத்த மாதம் வேறு பெயரில் அதே மெஷின் வரும். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை, நாற்பது பேர் எழுதிய கருத்துகளையாவது படித்திருப்பேன். இப்போது திரும்பப் போய்ப் படித்தால் சிரிப்பு வருகிறது. பாதிப் பேர் பார்சல் வந்த அன்றைக்கே எழுதியவர்கள். "சூப்பர் பொருள், இன்னும் யூஸ் பண்ணவில்லை" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார். இன்னொருவர் மூடி சரியாகப் பொருந்தவில்லை, சட்னி அரைக்கும்போது ஒழுகுகிறது என்று எழுதியிருக்கிறார். ட்ரில்லிங் மெஷினில் எங்கிருந்து சட்னி? பழைய மிக்ஸி ஜாரை விற்ற அதே ஆன்லைன் பக்கத்தில் படத்தையும் பெயரையும் மாற்றி ட்ரில்லை ஏற்றியிருக்கிறார்கள், ஜாருக்கு வாங்கிய நட்சத்திரம் எல்லாம் ட்ரில்லுக்கு வந்துவிட்டது. இது கண்ணில் பட்டும் எனக்கு உறைக்கவில்லை.

மெஷின் வந்தது. 6 மி.மீ. பிட்டைப் போட்டு ஓடவிட்டால் பிட் நுனி ஒரே இடத்தில் நிற்காமல் சின்னதாக வட்டம் போட்டது. சக் ஆடுகிறது. சரி, 1,799 ரூபாய்க்கு இவ்வளவு ஆட்டம்கூட இல்லாமல் இருக்குமா என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. சக் ஆடினால் ஆறுக்குப் போட்ட ஓட்டை ஏழாக வரும், ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் சொருகுகிற ரால் பிளக் உள்ளே போய் லொடலொட என்று நிற்கும், அதற்குத் தீக்குச்சி சொருகி முட்டுக் கொடுக்க வேண்டும். செங்கல் சுவரில் பதினாலு ஓட்டை இப்படியே போனது. ஒன்பதாம் நாள் ஹால் ஜன்னலுக்கு மேல் லின்டலில் வைத்தேன். கான்கிரீட். பிட் இறங்கவே இல்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று, உடம்பு பாரத்தை எல்லாம் கொடுத்து அழுத்தினேன். முதலில் ஒரு வாசனை, அப்புறம் மெஷினின் பக்கவாட்டுக் காற்றுத் துவாரத்தில் இருந்து வெள்ளைப் புகை, அப்புறம் அமைதி.

முதலில் செய்தது மெஷின் வாங்கிய ஆப்பைத் திறந்ததுதான். ஏழு நாளுக்குள் மாற்றித் தருவோம், இன்றைக்கு ஒன்பது. "பிராண்டைத் தொடர்புகொள்ளவும்." பெட்டியில் இருந்த நம்பருக்கு அடித்தால் முழு ரிங்கும் போய்க் கட்டாகும். மூன்றாம் நாள் ஒரு வாட்ஸ்அப் பதில் வந்தது. பில் அனுப்பு என்றார்கள், அனுப்பினேன். மெஷின் ஓடாததை வீடியோ எடுத்து அனுப்பு என்றார்கள். ஓடாத மெஷினை எப்படி வீடியோ எடுப்பது? சுவிட்சை அழுத்துகிற விரலையும் சும்மா கிடக்கிற சக்கையும் முப்பது நொடி எடுத்து அனுப்பினேன். சீரியல் நம்பர் ஸ்டிக்கர் போட்டோ கேட்டார்கள். அது ஒன்பது நாளில் என் கை வேர்வையிலேயே உரிந்து போயிருந்தது. கடைசியில் பெரிய மனசு பண்ணி, டெல்லிக்கு அனுப்புங்கள், கூரியர் செலவு போக வர உங்களுடையது, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கூரியர் கடையில் விசாரித்தால் ஒரு பக்கத்துக்கே 420 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அப்போதுதான் வாரண்டி அட்டையை எடுத்து முழுசாகப் படித்தேன். கார்பன் பிரஷ் (மோட்டாரில் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுத்துத் தேய்ந்துகொண்டே வருகிற கரித்துண்டு), ஆர்மேச்சர் (அந்தச் சுற்றுகிற உருளை), ஃபீல்டு காயில் (அதைச் சுற்றி அசையாமல் இருக்கிற கம்பிச்சுருள்), சுவிட்ச், சக், ஒயர் இதற்கெல்லாம் வாரண்டி கிடையாதாம். மிச்சம் என்ன இருக்கிறது, பச்சை நிற பிளாஸ்டிக் கூடும் நாலு ஸ்க்ரூவும்தான். இந்த மெஷினில் ஸ்க்ரூவுக்கு எதுவும் ஆகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அட்டையின் பின்னால் சர்வீஸ் சென்டர் பட்டியலில் சென்னைக்கு ஒரு முகவரி இருந்தது, பாரிமுனை. ஒரு சனிக்கிழமை மெஷினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு பக்கம் போயிருந்தால் தெரியும், போல்ட் நட்டில் ஆரம்பித்து மோட்டார் வரைக்கும் அங்கே இல்லாத இரும்புச் சாமான் இல்லை. பட்டியலில் இருந்த கடைக்காரர் பையைத் திறக்கும் முன்னாலேயே கையை ஆட்டிவிட்டார். "அந்தக் கம்பெனியை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு சார். ஸ்பேர் கேட்டா அனுப்பவே மாட்டான். பேரை எடுடான்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு, எடுக்க மாட்டேங்கிறான்." அட்டையில் உள்ள இந்தியா முழுவதும் என்பது இப்படிப்பட்ட பெயர்களால் ஆனதாக இருக்கலாம். ஆனால் அவர் நல்ல மனுஷர், நாலு கடை தள்ளி மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற ஒரு பாயிடம் போகச் சொன்னார்.

பாய் மெஷினைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். முகர்ந்தே சொல்லிவிட்டார், ஆர்மேச்சர். பிறகு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து காட்டியதில் அரை மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது நாற்பது கருத்துகளைப் படித்ததில் கிடைக்காதது. சுற்றுகிற அந்த உருளையின் செப்புக் கம்பி முழுக்கக் கறுத்திருந்தது. இந்த மோட்டாருக்குத் தனியாகக் குளிர்விக்க எதுவும் கிடையாது, அதே தண்டில் இருக்கிற சின்ன ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். நான் அழுத்த அழுத்த வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் மோட்டார் கரண்ட்டை அதிகமாக இழுக்கும், அதே நேரம் ஃபேன் காற்றும் குறையும். இரண்டும் சேர்ந்தால் கம்பி மேல் பூசியிருக்கிற வார்னிஷ் வெந்துவிடும். நல்ல மெஷினிலும் இப்படி அழுத்தினால் கருகும், ஆனால் அது கொஞ்ச நேரம் தாங்கி, சூடு கையில் தெரிந்து, நம்மை நிறுத்த வைக்கும். இதில் கம்பி சன்னம், வார்னிஷ் பேருக்குப் பூசியது, பின்பக்கம் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புஷ், அதாவது ஒரு வளையம். புஷ் கொஞ்சம் தேய்ந்தால் போதும், உருளை உள்ளேயே உரச ஆரம்பிக்கும்.

"சார், இது ஹாமர் இல்ல, கிலுகிலுப்பை" என்றார் பாய். 1,799 ரூபாய் மெஷினில் ஹாமர் என்பது, பல்லு வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்குவது, நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் அடி. செங்கலுக்குச் சரி. கான்கிரீட்டுக்கு வேண்டியது உள்ளே பிஸ்டன் போய்வந்து, காற்றின் அழுத்தத்தில் தானே அடிக்கிற ரோட்டரி ஹாமர். அதற்குப் பாரம் கொடுத்து அழுத்த வேண்டாம், லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். இரண்டையும் ஆன்லைனில் ஹாமர் ட்ரில் என்றுதான் போடுகிறார்கள்.

ரிப்பேர் பண்ணினால் எவ்வளவு என்று கேட்டேன். பண்ண முடியாது என்றார். இந்த ஆர்மேச்சர் எங்கும் வராது, கம்பியைத் திரும்பச் சுற்றி ரீவைண்டிங் பண்ணினால் 700 ஆகும், இந்த மெஷினுக்கு அது கட்டுப்படியாகாது. அப்போது கடை வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். "பாய், ரெண்டு இருபத்தாறு ஆர்மேச்சர் ஒண்ணு, எண்ணூத்தி ஒண்ணு கார்பன் ரெண்டு செட்." பாய் திரும்பாமலேயே எடுத்துக் கொடுத்தார். அது என்ன பாஷை என்று கேட்டேன். போஷ் கம்பெனியின் ஜி.பி.எச். 2-26 ரோட்டரி ஹாமர், டிவால்ட்டின் டி.டபிள்யூ. 801 நாலு இஞ்ச் கிரைண்டர் (மாவு அரைப்பது இல்லை, டிஸ்க் மாட்டி இரும்பு அறுப்பது), ஹிட்டாச்சியின் சி.எம். 4 மார்பிள் கட்டர், இப்படிச் சில மாடல்களைத்தான் ஊரில் பெயர் தெரியாத கம்பெனிகள் எல்லாம் நகல் அடிக்கின்றன. மேலே ஸ்டிக்கர் எதுவாக இருந்தாலும் உள்ளே அளவு பெரும்பாலும் ஒன்று. அதனால் மெஷினைச் செய்தவன் ஓடிப்போனாலும், உதிரி பாகம் இந்தத் தெருவில் கிடைக்கும், ஊரில் எந்த வைண்டிங் கடைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடுவார்.

எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. விலை குறைந்த சாமான் என்றாலே மட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படி இல்லை. பாயின் கடையில் இருந்த பெயர் தெரியாத 2-26 நகல் 3,600 ரூபாய், ஒரிஜினல் அதைப்போல் மூன்று மடங்கு சொன்னார்கள். நகலில் அதிர்வு ஜாஸ்தி, கிரீஸ் கசியும், ஆறு மாதத்தில் கார்பன் போகும். போனால் 40 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கி ஸ்க்ரூட்ரைவரால் நாமே மாட்டிக்கொள்ளலாம். நான் வாங்கிய மெஷினில் கார்பனை மாற்ற வெளியே மூடிகூட வைக்கவில்லை, கூட்டையே பிளக்க வேண்டும். அதாவது செய்யும்போதே முடிவு பண்ணிவிட்டார்கள், இது ஒரு தடவைதான் என்று. இப்போதெல்லாம் கடையில் வாட் கேட்பதில்லை, வாரண்டி கேட்பதில்லை. கார்பன் கிடைக்குமா, எந்த மாடல் ஆர்மேச்சர் போகும் என்று மட்டும் கேட்கிறேன். கடைக்காரர் முழித்தால் கிளம்பிவிடுகிறேன்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், எல்லாவற்றிலும் மலிவு பார்க்காதீர்கள். ஸ்பானர், சுத்தி, அளவு டேப் எல்லாம் போனால் போகிறது. கிரைண்டர் அப்படி இல்லை. நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும், டிஸ்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்று அர்த்தம். அந்த வேகத்தில் 15 ரூபாய் டிஸ்க் வெடித்தால் உங்கள் கண்ணுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது டிஸ்கை மூடியிருக்கிற அந்த கார்டு என்கிற தடுப்பு ஒன்றுதான், அதையும் நம் ஆட்கள் முதல் நாளே கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். மரம் அறுக்கிற பல்லு பிளேடை கிரைண்டரில் மாட்டுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பேட்டரி மெஷின் விஷயத்தில் ஒரே ஒரு வரி. என் மைத்துனன் 48 வோல்ட் என்று பெருமையாக ஒன்று வாங்கிவந்தான், பேட்டரியைத் திறந்தால் உள்ளே ஐந்தே செல். ஒரு லித்தியம் செல் முழுசாக ஏறினாலே 4.2 வோல்ட், ஐந்துக்கு 21. மிச்சம் 27 வோல்ட் ஸ்டிக்கரில்தான் இருக்கிறது.

சரி, என் 1,799 என்ன ஆனது? கோபத்தில் 1915க்குப் போன் பண்ணினேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டார்கள், புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள், அவ்வளவுதான். கூடவே ஆப்பில் எங்கேயோ அடியில் ஒளித்து வைத்திருந்த குறைதீர் அதிகாரியின் முகவரிக்கும் ஒரு மெயில் போட்டேன். 2020ல் வந்த மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இந்த இரண்டு வரியையும் மெயிலில் அப்படியே எழுதி, இல்லாவிட்டால் நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும் என்று சேர்த்தேன். சண்டைக்காரன் மாதிரி எழுதவில்லை, பில், தேதி, வாட்ஸ்அப் பதில்களின் படம், புகைந்த மெஷினின் படம், எனக்கு என்ன வேண்டும் என்பது, அவ்வளவுதான். பதினேழு நாள் பிடிகொடுக்காமல் இழுத்தடித்தவர்கள் மெயில் போன மூன்றாம் நாள் "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்தார்கள். பணம் கேட்டேன், மாற்று மெஷின் தருகிறோம் என்றார்கள், எனக்கும் அலுத்துவிட்டது, சரி என்றேன்.

இருபது நாளில் புதுசு வந்தது. அதே பச்சை, அதே 650 வாட், பெட்டியில் அதே இந்தியா முழுவதும் சர்வீஸ். மறுநாளே எனக்கு ஒரு மெசேஜும் வந்தது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று.

பெட்டியைப் பிரிக்காமல் நேராகப் பாயிடம் கொண்டுபோனேன், லின்டலுக்கு அந்த 3,600 ரூபாய் மெஷினை வாங்கத்தான் போனேன் என்பது வேறு விஷயம். பாய் புதுசைப் பிரித்து, ஒயரைச் சொருகி, சக்கின் பக்கத்தில் காதை வைத்துப் பத்து நொடி ஓடவிட்டார். அணைத்துவிட்டுத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"மரத்துக்கு வச்சுக்கோங்க சார். சுவத்துப் பக்கம் காட்டாதீங்க."